போர்ஷே 944: இழுவை விட்டு விட்டுப் போனால் பழுதைப் பிடிப்பது எப்படி

நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் 944, திடீரென்று இழுவையை விட்டுவிடுகிறது. இரண்டு நொடி கழித்து ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி பாய்கிறது. பணிமனைக்குக் கொண்டுபோனால் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடிக் காட்டுகிறது. மெக்கானிக் பிளக்கை மாற்றுகிறார், அடுத்த வாரம் வயரை மாற்றுகிறார், அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். பணம் கரைகிறது, பழுது அப்படியே இருக்கிறது.

இந்தக் கார்களின் வயதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1982 முதல் 1991 வரை, பெரும்பாலும் ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரிலுள்ள ஆடி ஆலையில், ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட 944கள் கட்டப்பட்டன. கடைசியாக வெளிவந்த கார் கூட முப்பது வயதைத் தாண்டிவிட்டது. இன்ஜினின் இரும்பும் அலுமினியமும் இன்னும் பல ஆண்டு தாங்கும். தளர்ந்துபோவது வயர், ரப்பர், சாலிடர் என்னும் ஈயப்பற்று மூன்றும்தான். விட்டு விட்டு வரும் பழுதின் மூலம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும். இன்றைய கார்களைப் போல ஸ்கேனரைச் செருகிப் பிழை எண்ணைப் படிக்கும் வசதி பெரும்பாலான 944களில் கிடையாது. ஆகவே காரின் நடத்தையைத்தான் படிக்க வேண்டும்.

பழுது வரும் அந்த நொடியில் டேஷ்போர்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் ஒரு பாகத்தையும் மாற்றாதீர்கள். அந்த ஒரு நொடியில் கிடைக்கும் சாட்சியம், பணிமனையில் ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. 944இல் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத காரைச் சோதனை ஓட்டத்துக்கு எடுக்கவே கூடாது. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் ஒரு பல் நழுவியிருந்தாலும் இழுவை குறையும்தான், ஆனால் அது எப்போதும் குறைந்தே இருக்கும். வந்து வந்து போகாது. உங்கள் புகார் "ஒரு மாதமாகவே மந்தமாக இருக்கிறது" என்பதானால் பெல்ட்டின் குறிகளைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. இனி வருவது விட்டு விட்டு வரும் பழுதுக்கானது.

முதலில் டேக்கோமீட்டர் ஊசி

944இல் எரிபொருள், பற்றவைப்பு இரண்டையும் பாஷ் நிறுவனத்தின் மோட்ரோனிக் என்ற ஒரே கணிப்பெட்டி ஆள்கிறது. போர்ஷேக்காரர்கள் அதை டி.எம்.இ. என்பார்கள். இன்ஜினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டருக்கான துடிப்பு பற்றவைப்புப் பக்கத்திலிருந்து வருகிறது. எனவே அந்த ஊசி, இன்ஜின் சுற்றுகிறதா என்பதோடு, பற்றவைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுகிறது.

இழுவை போகும்போது கிளட்சை மிதிக்காதீர்கள். கார் கியரிலேயே உருளட்டும். அப்போது சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஊசி அந்தச் சுழற்சியைக் காட்டியாக வேண்டும். இன்ஜின் சுற்றும்போதே ஊசி சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் டி.எம்.இ.க்கு மின்சாரம் போகவில்லை, அல்லது இன்ஜின் சுற்றுவதே அதற்குத் தெரியவில்லை. ஊசி வேகத்துக்குச் சரியாக நின்றுகொண்டே இழுவை மட்டும் போனால் பெட்ரோல், காற்று, புகைபோக்கி, அல்லது பொறிக்கான மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலுக்குப் பிந்தைய உயர் மின்னழுத்தப் பகுதி என்று தேட வேண்டும். இந்த ஒரு பிரிப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வோல்ட்மீட்டரையும் பாருங்கள். டேக்கோ ஊசியோடு வோல்ட்மீட்டர் ஊசியும் சேர்ந்து விழுந்தால் டி.எம்.இ. பக்கமே போக வேண்டாம்; சாவி திருப்பும் ஸ்விட்சின் உள்தொடுப்பு தேய்ந்திருக்கிறது. நிறுத்தி வைத்து, இன்ஜின் ஓடும்போது சாவியை மெல்ல அசைத்துப் பாருங்கள். கனமான சாவிக்கொத்து தொங்கினால் கழற்றிவிடுங்கள்.

ஓட்டிக்கொண்டே ஊசியைக் கவனிப்பது ஆபத்து. கைபேசியை மீட்டர்கள் தெரியும்படி பொருத்தி வீடியோ பதிவில் விட்டுவிடுங்கள். ஒலியும் பதிவாகும். பிறகு வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். வெயிலா மழையா, இன்ஜின் சூடேறி எவ்வளவு நேரம் ஆனது, டாங்கில் எவ்வளவு பெட்ரோல், மேடா சமதரையா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மூன்று தடவை பழுது வந்தாலே ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

ஊசி விழுகிறது, இன்ஜின் அடியோடு அணைகிறது

சுவிட்சை அணைத்தது போல் இன்ஜின் செத்துப்போகிறது. திணறல் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. சில நேரம் தானே உயிர் பெறுகிறது. சில நேரம் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் காத்திருந்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. இதற்கு முதல் சந்தேக நபர் டி.எம்.இ. ரிலே, அதாவது கணிப்பெட்டிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு மின்ஸ்விட்ச். 944 வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதே ரிலேயைத்தான் 911 கரேரா 3.2 கார்களிலும் பொருத்தினார்கள். அங்கும் இதே தொல்லைதான்.

அந்த ஒரு பெட்டிக்குள் இரண்டு ரிலேக்கள் இருக்கின்றன. சாவியைத் திருப்பியதும் முதல் பாதி இணைந்து, டி.எம்.இ.க்கும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கும் மின்சாரம் தருகிறது. இன்ஜின் சுற்றுவதை டி.எம்.இ. உணர்ந்த பிறகே இரண்டாம் பாதி இணைந்து, பெட்ரோல் பம்பை ஓட்டுகிறது. இந்த அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

1985ஆம் ஆண்டின் நடுவில் டேஷ்போர்டு மாறுவதற்கு முந்தைய கார்களில் ரிலே ஓட்டுநர் காலடிக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் இருக்கிறது. பிந்தைய கார்களில் பானட்டைத் திறந்தால் தெரியும் ஃபியூஸ் பெட்டியில் இருக்கிறது. பிடுங்கி எடுங்கள். பிளாஸ்டிக் உறையின் ஓரங்களைச் சிறிய ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கழன்று வரும். உள்ளே இருக்கும் பலகையைத் திருப்பி, கால்கள் சாலிடர் செய்யப்பட்ட பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நல்ல சாலிடர் காலின் மேல் வழுவழுப்பாக ஏறி, மின்னிக்கொண்டு நிற்கும். விரிசல் விட்ட சாலிடரில் காலைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு கறுத்த வளையம் தெரியும். காலை விரல் நகத்தால் மெல்ல அசைத்தால் அந்த வளையத்துக்குள் கால் தனியாக நகர்வதைக் கூடப் பார்க்கலாம். சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, ஆண்டுக்கணக்கில் அசைந்ததில் உண்டான விரிசல் அது. கார் வெயிலில் கிடந்து சூடேறும்போது வளையம் விலகுகிறது, ஆறியதும் சேர்ந்துகொள்கிறது. பணிமனையில் கார் சமர்த்தாக ஓடியதன் காரணம் இதுதான்.

அந்தச் சாலிடரைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் ரிலே மறுபடி வேலை செய்யும். ஆனாலும் நான் புதியதையே வாங்கிப் போடச் சொல்வேன். உள்ளே தொடுப்புகளும் கருகியிருக்கும், அவற்றுக்குச் சாலிடர் மருந்தல்ல. சரிசெய்த பழையதைக் காருக்குள் உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

வழியில் நின்றுவிட்டால், ரிலேயைப் பிடுங்கிவிட்டு அதன் சாக்கெட்டில் 30, 87, 87பி ஆகிய மூன்று துளைகளையும் தடித்த வயரால் இணைத்தால் கார் ஓடும். ஓடினால் குற்றவாளி ரிலேதான் என்பதும் உறுதியாகிவிடும். ஆனால் இது சோதனைக்கும், அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை போய்ச் சேர்வதற்கும் மட்டுமே. இந்த இணைப்பில் சாவியை அணைத்தாலும் பெட்ரோல் பம்ப் நிற்காது. விபத்து நேர்ந்து குழாய் உடைந்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருக்கும். நிறுத்தியவுடன் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

ரிலே புதிது, ஆனாலும் ஊசி விழுகிறது

அடுத்த சந்தேகம் இன்ஜினுக்குப் பின்னால், கிளட்ச் உறையின் மேல் பொருத்தப்பட்டிருக்கும் இரண்டு சென்சார்கள் மீது. ஒன்று இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் என்ற கனச்சக்கரத்தின் 132 பற்களை எண்ணி இன்ஜினின் வேகத்தைச் சொல்கிறது. மற்றொன்று ஃப்ளைவீலில் பதித்த ஒரே ஒரு குறியைச் சுற்றுக்கு ஒரு முறை கண்டு, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. இரண்டில் ஒன்று வாய்மூடினாலும் இன்ஜின் நின்றுவிட்டதாக டி.எம்.இ. முடிவு செய்து, பொறியையும் பெட்ரோலையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடும்.

சென்சாரின் உள்ளே மயிரளவு மெல்லிய செம்புக் கம்பிச்சுருள். சூடானதும் எங்கோ ஓர் இடத்தில் தொடுப்பு விடுகிறது. ஆகவே இதன் அறிகுறியும் ரிலேயைப் போலவே இருக்கும்: சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கார் செத்துக் கிடக்கும்போதே, ஆறவிடாமல், மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

சாவியை ஆன் நிலையில் வைத்து, ஒரு இன்ஜெக்டரின் செருகியைக் கழற்றிச் சோதனை விளக்கை வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். இரு கம்பிகளில் ஒன்றில் வர வேண்டும். வரவில்லை என்றால் ரிலேயின் முதல் பாதி, அல்லது அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வழி. 12 வோல்ட் வருகிறது, ஆனால் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது டேக்கோ ஊசி இம்மிகூட அசையவில்லை, பொறியும் இல்லை, பம்பும் ஓடவில்லை என்றால் சென்சார்கள். ஊசி துடிக்கிறது, பிளக்கில் பொறி வருகிறது, பம்ப் மட்டும் ஓடவில்லை என்றால் ரிலேயின் இரண்டாம் பாதி, பம்பின் ஃபியூஸ், அல்லது பம்பேதான். 30, 87பி துளைகளை மட்டும் இணைத்தால் பம்ப் தனியாக ஓட வேண்டும். காரின் பின்பக்கம் காது வைத்தால் ரீங்காரம் கேட்கும். கேட்டால் பம்ப் நன்றாக இருக்கிறது, அதற்கு மின்சாரம்தான் போகவில்லை.

சென்சார்தான் என்று தோன்றினால் அதன் மேல் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உயிர் பெற்றால் சந்தேகமே வேண்டாம். மீட்டரில் அளந்தால் இரு சமிக்ஞைக் கால்களுக்கும் இடையே 600 முதல் 1,600 ஓம் வரை காட்ட வேண்டும். குளிர்ந்த நிலையில் அளந்து சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். முடி உலர்த்தியால் சூடேற்றிக்கொண்டே அளக்க வேண்டும். எண் திடீரென்று தாவினால் அந்தச் சென்சாரின் ஆயுள் முடிந்தது.

சென்சார் நன்றாக இருந்தும் அதன் செருகி நொறுங்கிப்போயிருப்பதுண்டு. இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் கையில் பிடித்தாலே பிஸ்கோத்துபோல் உதிரும். அதற்குள் இருக்கும் கால்கள் ஒன்றோடொன்று உரசும்போதும் ஊசி விழும். செருகியோடு வயரையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. இரண்டு செருகிகளும் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றிச் செருகிவிடும் ஆபத்து உண்டு. மாறினால் கார் ஸ்டார்ட்டே ஆகாது. கழற்றும் முன் வண்ண நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். சென்சாரின் நுனிக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கிளட்ச் வேலை நடந்த பிறகு பழுது தொடங்கியிருந்தால் முதலில் இந்த இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். கிளட்சை இறக்குபவர்கள் இந்தச் சென்சார்களையும் கழற்றியிருப்பார்கள்.

ஊசி பூஜ்யத்துக்கு விழாமல் மேலும் கீழும் துள்ளினால் எர்த் இணைப்புகளைப் பாருங்கள். இன்ஜினின் பின்பகுதியில் பல எர்த் வயர்கள் ஒன்றாக முடுக்கப்பட்டிருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரை மாற்றிவிடலாம். முந்தைய உரிமையாளர் யாராவது திருட்டுத் தடுப்பு அலாரம் பொருத்தியிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். எண்பதுகளில் பொருத்திய பல அலாரங்கள் பற்றவைப்பு வயரையோ பம்ப் வயரையோ வெட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும். அந்த வெட்டை நீக்கி வயரை முறையாக ஒட்டாமல் மற்றதைத் தேடுவது வீண்.

ஊசி சரியாக நிற்கிறது, மேட்டில் இழுவை சாகிறது

சமதரையில் நன்றாக ஓடுகிறது. மேட்டில் அல்லது முந்திச் செல்ல அழுத்தி மிதிக்கும்போது மூச்சுத் திணறுகிறது. காலை எடுத்தால் சற்று மீள்கிறது. இது பெட்ரோல் போதாத காரின் நடத்தை. அழுத்தமானியை இன்ஜெக்டர் குழாயின் முனையிலுள்ள சோதனை வாயில் பொருத்துங்கள். மூடியைக் கழற்றும்போது அதற்குள் இருக்கும் சிறிய எஃகுக் குண்டு கீழே விழுந்து தொலைந்துவிடாமல் கையை அடியில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அணைந்திருக்க, பம்பை மட்டும் ஓட்டினால் சாதாரண எட்டு வால்வு 2.5 லிட்டர் இன்ஜினில் சுமார் 2.5 பார் காட்ட வேண்டும். 16 வால்வு கார்களுக்கு அளவு வேறு. அந்த மாடலுக்கான கையேட்டைப் பாருங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தாலும் அளவு போதாமல் இருக்கலாம். அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரிலிருந்து டாங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி, அளவுகோடு போட்ட பாத்திரத்தில் விட்டு, பம்பை 30 வினாடி ஓட்டுங்கள். குறைந்தது 850 மில்லிலிட்டர் வர வேண்டும். இதைத் திறந்த வெளியில், ஆறிய இன்ஜினில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் துணையோடு மட்டும் செய்யுங்கள்.

நிறுத்தி வைத்து அளந்தால் எல்லாம் சரி, ஓட்டினால் சாகிறது என்றால் மானியை ஓட்டத்திலேயே பார்க்க வேண்டும். நீண்ட குழாய் உள்ள மானியைப் பானட்டின் இடுக்கு வழியே வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் வைப்பர் கையோடு சேர்த்துக் கட்டுங்கள். பெட்ரோல் நிறைந்த குழாயைக் காருக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது. அழுத்தி மிதிக்கும்போது மானி சரிந்தால் சந்தேகம் ஃபில்டர், பம்ப், டாங்கின் உள்வலை என்ற மூன்றாகச் சுருங்கிவிடும்.

உள்வலைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. நெடுந்தூரம் ஓடியபின் இழுவை போகிறது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் புதுக்கார் மாதிரி பாய்கிறது. மறுபடி சில கிலோமீட்டரில் அதே கதை. உறிஞ்சும் வேகத்தில் வலையோடு ஒட்டிக்கொண்ட துருத்தூள், பம்ப் நின்றதும் அடியில் படிந்துவிடுவதுதான் காரணம். பல ஆண்டு ஓடாமல் கொட்டகையில் கிடந்த கார்களில் இது சாதாரணம். புதிய ஃபில்டர் போட்டும் சில வாரத்தில் அடைத்துக்கொண்டால் டாங்கைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. டாங்கு காற்றோட்டக் குழாய் அடைத்திருந்தாலும் ஏறக்குறைய இதே போலத்தான் நடக்கும். இழுவை போன உடனே பெட்ரோல் மூடியைத் திறந்து கேளுங்கள். காற்று உஸ்ஸென்று உள்ளே இழுக்கப்பட்டு, உடனே கார் சரியானால் காற்றோட்டத்தைச் சீர்செய்தால் போதும்.

பாதி மிதியில் மட்டும் தயக்கம்

முழுதாக மிதித்தால் போகிறது, மெதுவாக விட்டாலும் போகிறது. நடுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தடுமாறுகிறது. இந்த அறிகுறியைக் கேட்டாலே காற்றளவியைக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். உள்ளே வரும் காற்று ஒரு கதவைத் தள்ளுகிறது. கதவோடு இணைந்த ஒரு சிறு கை கரித்தடத்தின் மேல் நகர்ந்து வோல்ட்டேஜாக மாற்றுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடி ஓடி, கை அதிகம் நிற்கும் இடத்தில் தடம் தேய்ந்து பள்ளமாகிவிடுகிறது. அந்த இடத்தைக் கை கடக்கும்போது சமிக்ஞை அறுந்து, டி.எம்.இ. தப்பான அளவில் பெட்ரோல் விடுகிறது.

இதை எண் காட்டும் மீட்டரில் பிடிப்பது கடினம்; ஊசி மீட்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சாவி ஆன் நிலையில் இருக்க, கதவை விரலால் மிக மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால் ஊசி தடையின்றி ஏற வேண்டும். ஓரிடத்தில் வெட்டி இழுத்தால் தடம் தேய்ந்துவிட்டது. கறுப்பு மூடியைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும். உள்பலகையைச் சற்று நகர்த்தி, கையைத் தேயாத தடத்தில் ஓடவிட்டுச் சில ஆண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், பழைய நிலையைக் கீறிக் குறித்துக்கொண்டு செய்யுங்கள். மேலே இருக்கும் பல்சக்கரத்தின் ஸ்பிரிங் இறுக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது ஆலையில் அளந்து வைத்தது.

காற்றளவியிலிருந்து, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் போகும் வளைந்த ரப்பர் குழாயையும் அடிப்பக்கம் வரை தடவிப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும்; வெடிப்பு அடியில் இருக்கும். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் அமுங்கிப்போன காரில், அழுத்தி மிதிக்கும்போது இன்ஜின் புரண்டு வெடிப்பு வாய் திறக்கிறது, காலை எடுத்தால் மூடிக்கொள்கிறது. அளக்கப்படாத காற்று உள்ளே போவதால் கலவையில் பெட்ரோல் போதாமல் இழுவை போகிறது. 944இல் திரவம் நிறைந்த மவுண்ட்கள் இருக்கின்றன. புகைபோக்கியின் சூடு படும் பக்கத்தது சீக்கிரம் சாகும். குழாயை மட்டும் மாற்றி மவுண்ட்டை விட்டால் புதுக்குழாயும் கிழியும்.

ஒரே வேகத்தில் போகும்போது முன்னும் பின்னும் ஆட்டம்

காலை லேசாக வைத்துச் சீராகப் போகும்போது யாரோ பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுவது போன்ற ஆட்டம் வந்தால் த்ராட்டில் ஸ்விட்சைப் பாருங்கள். கால் முழுக்க எடுக்கப்பட்டது என்று சொல்லும் தொடுப்பு அதில் இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டே இருந்தால், ஓட்டுநர் காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் உருள்கிறார் என்று டி.எம்.இ. நினைத்து, இன்ஜின் வேகத்தைப் பார்த்துப் பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் இறங்கியதும் மறுபடி விடுகிறது. த்ராட்டிலைத் திறந்த உடனே அந்தத் தொடுப்பு விலகும் கிளிக் ஒலி கேட்க வேண்டும். மீட்டரிலும் உறுதி செய்துகொள்ளலாம். இதை அறியாமல் இன்ஜெக்டர் முழுவதையும் மாற்றிய கார்கள் உண்டு.

சூடானதும் கரும்புகை, பெட்ரோல் வாடை

டி.எம்.இ.க்கான தண்ணீர் வெப்பச் சென்சாரின் வயர் விட்டு விட்டுத் தொடுகிறது. வயர் விலகும்போது இன்ஜின் உறைபனியில் நிற்பதாகக் கணிப்பெட்டி நினைத்துப் பெட்ரோலைக் கொட்டுகிறது. 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்க வேண்டும். அளந்துகொண்டே வயரை ஆட்டிப் பாருங்கள்.

மழையிலும் ஈரத்திலும் மிஸ்ஸிங்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பிளக் வயர்கள், காயில். இரவில் விளக்கில்லாத இடத்தில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, நீரைப் பனித்தூவலாகத் தெளியுங்கள். எங்கே நீலப்பொறி தாவுகிறதோ அதை மாற்றுங்கள். வயரில் கை வைக்காதீர்கள்.

வேகம் கூடக் கூட மூச்சடைப்பு

புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டி உள்ள கார்களில் உள்ளே இருக்கும் தேன்கூட்டுச் சில்லு உடைந்து, துண்டுகள் உருண்டு உருண்டு வழியை அடைக்கும். துண்டு விலகினால் கார் சரியாகும், புரண்டு வந்து அடைத்தால் இழுவை போகும். ஆறிய பெட்டியை ரப்பர் சுத்தியலால் தட்டினால் கலகலவென்று ஒலிக்கும். ஒலிக்காவிட்டால் இன்டேக்கில் வேக்குவம் மானியைப் பொருத்தி, 2,500 சுற்றில் பிடித்து வையுங்கள். மானி நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை.

டர்போ காரில் பூஸ்ட் வந்து போகிறது

944 டர்போவில் மேலே சொன்ன எல்லாமும் உண்டு, கூடவே பூஸ்ட்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை, கண்காணிக்கும் கே.எல்.ஆர். என்ற இரண்டாவது பெட்டியும் உண்டு. டேஷ்போர்டு மானி வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவதால், மாற்றம் செய்யப்படாத காரில் முழு மிதியில் சுமார் 1.75 பார் வரும். இழுவை போகும்போது ஊசி அதற்குக் கீழேயே நின்றால், தட்டல் உணரும் சென்சாரின் வயர் அறுந்திருக்கலாம். அந்தச் சமிக்ஞை வராவிட்டால் கே.எல்.ஆர். பற்றவைப்பைப் பின்தள்ளி, பூஸ்ட்டையும் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும். ஊசி அளவுக்கு மேல் ஏறி அதன்பின் இழுவை விழுந்தால், பூஸ்ட் மிஞ்சாமல் காக்கும் வேஸ்ட்கேட் வால்வுக்குப் போகும் சிறு குழாய் கழன்றிருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை காரை ஓட்டாதீர்கள். இன்டர்கூலர் குழாய் இணைப்புகளின் கிளாம்பு தளர்ந்தாலும் பூஸ்ட் கசியும். இன்ஜின் அறையிலுள்ள மெல்லிய வேக்குவம் குழாய்கள் ஒவ்வொன்றையும் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்தில் வெடிப்பு கோடிட்டால் ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியையும் சிலிக்கான் குழாயாக மாற்றிவிடுங்கள். எல்லாமே ஒரே வயதுடையவை.

மாற்றியபின்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றுங்கள். மாற்றியதும் தாளில் குறித்து வைத்திருக்கும் அதே சூழலில் ஓட்டுங்கள்: மதிய வெயிலில் நின்ற பிறகு வந்த பழுதானால் மதிய வெயிலில் நிறுத்திவிட்டு, கால் டாங்கில் வந்ததானால் கால் டாங்கில். காலைக் குளிரில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பழைய பாகத்தை உடனே எறியாதீர்கள். பழுது திரும்பி வந்தால் அந்தப் பாகம் நல்லது என்று தெரிந்துவிடும், திரும்பவும் போட்டுக்கொள்ளலாம். புதிய ரிலேயின் உறையில் மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையால் எழுதிவிட்டு, 30, 87, 87பி துளைகளுக்கு அளவெடுத்துச் செய்த இணைப்பு வயரையும் உதிரி ரிலேயையும் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு நெடும்பயணம் கிளம்புங்கள்.